உப்பு, சர்க்கரை, பூட்டாத ஒரு கதவு

போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்து, ரெண்டு நாள் பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடுவுலயே கிடந்தேன். காப்பாத்தினது மெடிக்கல் ஷாப்ல வாங்கின ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வேற வேலை இல்லாததால பின்பக்கத்தைப் படிச்சேன். ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், கூடவே இன்னும் ரெண்டு உப்பு. அவ்வளவுதான். 'இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு?'ன்னு தோணுச்சு. தேடிப் பார்த்தா, இந்தச் சின்ன விஷயத்துக்கு வந்து சேர 130 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு.

1832. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் காலரா. காலரா நோயாளியின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்துபோகின்றன என்று வில்லியம் ஓ'ஷாக்னசி என்ற இளம் மருத்துவர் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார். (இதே மனிதர்தான் பின்னாடி இந்தியாவுக்கு வந்து தந்திக் கம்பி போட்டார். அது தனி எபிசோட்.) அதைப் படித்த தாமஸ் லட்டா, சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் ரத்தநாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். நாடி திரும்பியது, அவர் தெம்பாகப் பேசினார். லட்டா நிம்மதியாகக் கிளம்பிப் போனார். பேதி திரும்ப ஆரம்பித்தது. சில மணி நேரத்தில் அந்தப் பாட்டி இறந்துபோனார்.

ஏன்னா ஓட்டை அடைபடவே இல்லை. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைக்கும் தண்ணீர் வெளியேறும். நம்ம உடம்புக்கு இது எவ்வளவு பெரிய அடின்னு புரியணும்னா, ரெண்டு பேரைச் சொல்லணும். செல்கள் வாழ்வது வெளி உலகத்தில் இல்லை, தங்களைச் சூழ்ந்திருக்கும் உப்புத் திரவத்தில்தான் என்றார் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட். அந்தத் திரவத்தை உடம்பு ஓயாமல் ஒரே நிலையில் வைத்திருப்பதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று 1926இல் பெயர் வைத்தார் அமெரிக்காவின் வால்டர் கேனன். காலராவில் இந்த ஏற்பாடு முழு மூச்சில் போராடும். இதயம் வேகமாகத் துடிக்கும், சிறுநீரகம் சிறுநீரை நிறுத்தும், தாகம் எடுக்கும். ஆனா வெறும் தண்ணியைக் குடிச்சா அது உள்ளே தங்காமல் ஓடிவிடும்.

அதனால் மருத்துவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: குடலின் உள்தோலே உரிந்துபோய்விடுகிறது, வாய் வழியாக எதைக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. இறந்தவர்களின் குடலைப் பார்த்து எடுத்த முடிவு அது. பாங்காக்கில் காலரா பரவியபோது யூஜின் கங்கரோசாவின் குழு உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தது. 1960இல் முடிவு வெளியானது. உள்தோல் முழுசாக இருந்தது!

அதற்கு முந்தைய வருடம், காலரா கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்று கல்கத்தாவில் சம்பு நாத் டே நிரூபித்திருந்தார். அந்த நச்சு செல்லைக் கொல்வதில்லை. செல் சவ்வில் குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் கிளம்பிவிடும்.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் ஒரு யோசனையை முன்வைத்தார். குடல் செல்லின் சவ்வில் ஒரு கதவு இருக்கிறது. குளுக்கோஸ் அதன் வழியே தனியாக வர முடியாது, சோடியத்தோடு கைகோத்துத்தான் வரும். செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருப்பதால் அது உள்ளே பாயும். பாயும்போது குளுக்கோஸையும் இழுத்து வரும். ரெண்டும் உள்ளே வந்தால் தண்ணீரும் பின்னால் வரும். காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை.

கிரேன் காலராவைப் பற்றி யோசிக்கவில்லை. காலராவோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர் ஏழு வருஷம் முன்னாடியே கிட்ட வந்திருந்தார். கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை 186 நோயாளிகளுக்குக் கொடுத்து, 1953இல் லான்செட்டில் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை என்பது நியாயமான குறைதான். ஆனா யாருமே திரும்பச் செய்து பார்க்காம விட்டதை என்னால மன்னிக்க முடியலை. 1962இல் மணிலாவில் ராபர்ட் பிலிப்ஸ் செய்த சோதனையில் கரைசல் அடர்த்தியாகிப்போய் சில நோயாளிகள் இறந்தார்கள். அடர்த்தி கூடினால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும். பேதிக்கு சர்க்கரை அதிகமான ஜூஸ் வேண்டாம்னு சொல்றது இதனாலதான். கடைசியில் 1968இல், டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் கேஷும் வெளியேறுவதை அளந்து, அதே அளவுக்குக் குடிக்க வைத்து நிரூபித்தார்கள். டிரிப்ஸின் தேவை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள் நடந்த சோதனை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர பன்காவ் நகரின் மருத்துவமனையில் தரையெல்லாம் காலரா நோயாளிகள். சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் இல்லை. திலீப் மஹாலனாபிஸ் துணிந்தார். கல்கத்தாவில் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் எடைபோட்டு பிளாஸ்டிக் பையில் அடைத்தார்கள். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. பெரிய டிரம்களில் கரைத்து, குடிக்க வைக்கும் வேலையை அம்மா, அண்ணன், அக்கா கையில் கொடுத்தார்கள். 'சலைன்' என்றால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை என்பதால் பெயர் 'வாய்வழி சலைன்'. சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது.

டாக்டர் இல்லாமலும் இது நடக்கும் என்பதுதான் பன்காவ் காட்டிய புதுச் செய்தி. அடுத்து பாக்கெட்டும் இல்லாமல் நடக்குமா? 1980இல் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூணு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பத்து வருஷத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாடம் நடத்திவிட்டு வந்தாச்சு என்பதற்காக மட்டும் அவர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்காது. பிறகு வேறொருவர் அதே வீட்டுக்குப் போவார், அந்த அம்மாவுக்கு அளவு நினைவிருக்கா, சரியாகக் கலக்குகிறாரா என்று பார்ப்பார். அதை வைத்துத்தான் சம்பளம்.