சம்பளம் உண்டா?

2025 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. எனக்கு லீவு. சென்னையில் இருக்கும் எனக்கு ஏன் லீவு என்றால், அமெரிக்காவில் அன்று தொழிலாளர் தினம். எங்கள் ப்ராஜெக்ட் கிளையண்டின் காலண்டர்படி ஓடுகிறது. அவர்கள் கடையைச் சாத்தினால் நாங்களும் லேப்டாப்பை மூடிவிடலாம். பல வருடமாக இந்த லீவை அனுபவிக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

காலையில் பைக்கை எடுக்கும்போது அபார்ட்மெண்ட் வாட்சப் குழுவில் அசோசியேஷனின் செப்டம்பர் மாதச் செய்தி வந்திருந்தது. மழைக்கு முன்னால் மொட்டைமாடிக் குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியாயிற்று. கொலு வைப்பவர்கள் பெயர் கொடுக்கவும். கடைசி வரி: ஆயுத பூஜை அன்று செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு லீவு தரலாமா, உறுப்பினர்கள் கருத்துச் சொல்லவும். கோவளத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது பதினேழு கருத்துகள் சேர்ந்திருந்தன. 'அன்னைக்கு குப்பையை யார் எடுப்பாங்க?' என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தெற்கே மரக்காணம். பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் இந்த ஊரை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். சாலையோரம் கண்ணாடித் துண்டுகள் மாதிரி பாத்திகள், வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள். நான் வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

உப்பு விளைவதை என்ஜினியர் மொழியில் சொன்னால், அடர்த்தியைப் படிப்படியாக ஏற்றும் வேலை. கடல்நீர் போமே அளவில் சுமார் மூன்றரை டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் வற்றவைத்து, 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பதை நெருங்க விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் பாத்தியில் பூத்தது கரைந்துபோகும், பல நாள் உழைப்பு திரும்ப ஆரம்பத்துக்கு. நாங்கள் ரோல்பேக் என்று சொல்வோமே, அது. ஆனால் இங்கே பேக்கப் கிடையாது. அதனால்தான் ஆண்டின் முதல் மாதங்களில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது நின்றுவிடுகிறது. செப்டம்பர் என்பது உப்பளத்துக்குக் கடைசி அத்தியாயம்.

பாத்தியில் நாலைந்து பேர் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் தண்ணி குடிக்க உட்கார்ந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னா தம்பி, திங்கக்கெழமல ஊரு சுத்தற? வேல இல்லியா?"

"அமெரிக்காவுல இன்னிக்கு தொழிலாளர் தினம்மா. அதனால எங்களுக்கும் லீவு."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவுங்க லீவுக்கு ஒனக்கு சம்பளம் உண்டா?"

"உண்டு."

"நல்லாத்தான் இருக்குது" என்று சிரித்தார். "எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசம் லீவு. சம்பளந்தான் கெடையாது."

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, நான் அனுபவித்த லீவின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன்.

1882 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகரத் தொழிற்சங்கங்கள் ஊர்வலம் போயின. அரசாங்கம் விடுமுறை தரவில்லை. வந்தவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அது நாடு முழுவதற்குமான விடுமுறையாக ஆனது 1894-இல். அந்தக் கதையில் ஒரு குடியிருப்பு வருகிறது.

ரயில் பெட்டி முதலாளி ஜார்ஜ் புல்மன், 1880-களில் சிகாகோவுக்குத் தெற்கே தன் தொழிலாளர்களுக்காகத் தன் பெயரிலேயே ஓர் ஊரைக் கட்டினார். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், பூங்கா, நூலகம், கடைத்தெரு. இன்றைய கேட்டட் கம்யூனிட்டி விளம்பரங்களுக்கு அப்படியே பொருந்தும். 1893-இல் பொருளாதாரம் சரிந்ததும் புல்மன் கூலியைக் கால் பங்கு அளவுக்கு வெட்டினார். வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம். ஜூன் 26-இல் யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது. ஜூன் 28-இல், செப்டம்பரின் முதல் திங்கள் தொழிலாளர் விடுமுறை என்ற சட்டத்தில் அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து அதே கிளீவ்லண்டின் ராணுவம் சிகாகோவில் இறங்கியது. பலர் செத்தார்கள். டெப்ஸ் சிறைக்குப் போனார்.

மே 1 ஏற்கெனவே இருந்ததே, ஏன் செப்டம்பர்? எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-இல் தொடங்கிய கிளர்ச்சியும், மூன்று நாள் கழித்து ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டும், அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்ட நால்வரும் அந்தத் தேதியோடு கலந்துவிட்டார்கள். ஆள்பவர்களுக்குச் செப்டம்பர் வசதியாக இருந்தது. நான் பைக்கில் ஊர் சுற்றிய அந்த திங்கட்கிழமை இப்படித்தான் பிறந்தது.

மே 1 நம் பக்கம் வந்தது இதே கடற்கரை வழியாக. 1923-இல் மெட்ராஸில் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடந்தது. ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரை, இன்னொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. ஏற்பாடு செய்தவர் சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர், அப்போது வயது 63. இந்தியாவின் முதல் மே தினம் என்று அதைத்தான் சொல்கிறோம். அந்த நாளை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது அங்கே எழுந்த கோரிக்கைகளில் ஒன்று.

அது சட்டத்துக்குள் வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் 1958-இல் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் வந்தது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு பின்னர் மே 1-ம் சேர்ந்தது. கூடவே ஐந்து பண்டிகை நாட்கள். மொத்தம் ஒன்பது. இந்தச் சட்டத்தின் உயிர் விடுமுறைப் பட்டியலில் இல்லை. அந்த நாளுக்கும் கூலி உண்டு என்று சொல்கிற பிரிவில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒன்பது நாள் வேலையிழப்பு என்றுதான் மீதிப் பட்டியலைப் படிக்க முடியும்.

உப்பளத்தில் இந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. வாரினால் கூலி, வாராவிட்டால் இல்லை.

உப்பின் வரலாற்றை நாம் வரியின் வரலாறாகவே படித்திருக்கிறோம். 1805-இல் மெட்ராஸ் மாகாணத்தில் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்தவர்களுக்கு வேலை கொடுக்கிறோம் என்று மெட்ராஸ் நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டினார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஏற்கெனவே இருந்த கால்வாய்கள் அதனால் ஒன்றாயின. அப்போதைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய். அதன் தெற்கு முனைதான் மரக்காணம். விறகும் உப்பும் அதில் படகேறி நகரத்துக்குப் போயின. அந்தப் பஞ்சம் ஓயும் முன்பே மெட்ராஸ் மாகாணத்தில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றினார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 1947-இல், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பு, வரி ஒழிந்தது.

உப்பு வாங்குகிறவருக்கு அன்று விடுதலை. உப்பு வாருகிறவருக்கு அடுத்த ஐப்பசியும் வழக்கம்போலத்தான் வந்திருக்கும். இந்தக் கதையில் அவரைத் தேடினால் பெரும்பாலும் முன்னுரையில் ஒருமுறை வந்துவிட்டுக் காணாமல் போகிறார்.

மழைக்கால மாதங்களுக்கு ஒரு விலை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது மிகச் சமீபத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகக் கூடாத மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் ஏற்கெனவே இருக்கிறது. அதே கரையில் இருப்பவர்களுக்கு இது தாமதமாக வந்து சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு 5,000 என்றால் ஒரு நாளைக்கு ஐம்பத்து நான்கு ரூபாய் சொச்சம். இது கூலி ஆகாது. ஆனால் வேலை இல்லாத நாளிலும் அடுப்பு எரிய வேண்டும் என்ற நியாயத்தை அரசு தன் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நியூயார்க்கிலும் திருவல்லிக்கேணியிலும் கேட்டது அந்த நியாயத்தைத்தான்.

அந்த அம்மாவிடம் நிவாரணம் பற்றியும் கேட்டிருந்தேன். "வருது. வராம இருக்கறதுக்கு வந்தா நல்லதுதான்" என்றார். பிறகு முந்தைய வருடப் புயலைச் சொன்னார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பாத்திகளெல்லாம் எது வரப்பு, எது பாத்தி என்று தெரியாமல் ஒரே தண்ணீராகக் கிடந்தன. "மழ விட்டாலும் லீவு விடல" என்றார்.

அன்று மாலை அபார்ட்மெண்டுக்குள் நுழையும்போது கருத்துகள் ஐம்பதைத் தாண்டியிருந்தன. லீவு தரலாம் என்பவர்கள் பக்கம் எண்ணிக்கை ஏறியிருந்தது. பெருமையாக இருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணனிடம், "ஆயுத பூஜைக்கு உங்களுக்கு லீவு கிடைச்சிடும்ணா" என்றேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "லீவு வேணாம் சார். ஏஜென்சில நாள் கணக்கு. ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு" என்றார்.

நாங்கள் ஐம்பது செய்தி எழுதி, குப்பை, கேட், லிஃப்ட், பார்சல் எல்லாவற்றையும் பேசியிருந்தோம். இதை யாரும் பேசவில்லை, நான் உட்பட. அன்று ராத்திரி குழுவில் ஒரு வரி போட்டேன்: 'லீவு நாளுக்கும் ஏஜென்சிக்கு நாம் பணம் கட்ட வேண்டும், அது ஊழியர் கைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.' கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு ஒரு டீ, இரண்டு பஜ்ஜி விலை. அதற்கே மூன்று நாள் விவாதம் நடந்தது.

கடைசியில் அக்டோபர் 1-இல் பாதிப் பேர், 2-இல் மீதிப் பேர் என்று முடிவானது. மாதக் கடைசியில் அந்த அண்ணன் சம்பளச் சீட்டை என்னிடம் காட்டினார். ஒரு நாளும் பிடிக்கவில்லை. வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு முறை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துக் கேட்டைத் திறக்கப் போனார்.