வக்கீல் மேல் வழக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால், அகத்தியர் மலைக்குச் செல்லும் பாதையின் தலைவாயிலில் போனக்காடு என்னும் தேயிலைத் தோட்டத்தைக் காணலாம். 'போன் அக்கார்டு' என்ற பிரெஞ்சுத் தொடரே மக்கள் நாவில் போனக்காடாயிற்று. நல்ல உடன்பாடு என்பது அதன் பொருள். தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே கொழுந்து கிள்ளி வாழ்ந்தன. பின்னர்த் தோட்டம் நொடித்தது. கூலிப் பாக்கியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. அந்த லயங்களில் ஒன்றிலிருந்து ஒருவர் நியாயம் தேடி மலையிறங்குகிறார் என்று கொள்வோம். தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் அச்சிட்ட வக்காலத்தில் ஒப்பமிட்டுவிட்டுத் திரும்புகிறார். வாய்தா நாளில் வக்கீல் போகவில்லை, வழக்குத் தள்ளுபடியாகிறது. வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்த அச்சம் புதிதன்று. அவர் யார்மேல் வழக்கிடுவது?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல் கண்ணில் படுகிறது. 'வக்கீல்' அரபு மொழியிலிருந்து வந்தது. காரியம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது கருத்து. ஒப்படைத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் கொண்டுவந்த பாரிஸ்டர் மரபு வேறு. பாரிஸ்டர் பெற்றது கூலியன்று, காணிக்கை. ஆதலால் அதைக் கேட்டு அவர் வழக்காட இயலாதிருந்தது. அவர் அங்கியின் முதுகில் தொங்கும் சிறு பை, அவர் பாராமலே காசு போடுவதற்காக வைத்தது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பீசுக்காக வழக்கிட முடியாதவர்மேல் பிழைக்காகவும் வழக்கிட முடியாது என்பது அக்காலத்து நியாயம்.

இந்தியாவில் இந்த முடிச்சை அவிழ்த்தது 1926ஆம் ஆண்டின் வழக்குத் தொழிலாளர் கட்டணச் சட்டம். அதன்படி, கட்சிக்காரருக்காக வேலை செய்தவரோ, செய்ய ஒப்புக்கொண்டவரோ தம் பீசுக்காக வழக்கிடலாம். வக்கீல் என்ற ஒரே காரணத்தால், கவனக்குறைவினால் நேர்ந்த நஷ்டத்துக்குப் பொறுப்பின்றித் தப்பவும் முடியாது. ஒரு கையால் உரிமையைக் கொடுத்து மறுகையால் பொறுப்பைச் சுமத்திய நேர்மையான ஏற்பாடு இது. இங்கிலாந்தோ பின்தங்கிவிட்டது. லண்டனில் ராண்டல் என்பவர் தம் குற்ற வழக்கை நடத்திய பாரிஸ்டருக்கு இரண்டு பவுன், நான்கு ஷில்லிங், ஆறு பென்ஸ் கொடுத்திருந்தார். அவர் தொடுத்த நஷ்டஈட்டு வழக்கைப் பிரபுக்கள் சபை 1967இல் தள்ளியது. பாரிஸ்டருக்கு நீதிமன்றத்தின்பால் கடமை உண்டு. கட்சிக்காரருக்கு அஞ்சினால் அக்கடமை கெடும் என்றது. அதே சபை அந்தக் காப்பை நீக்கியது 2000இல்தான்!

நம் நாட்டில் சட்டம் இருந்தும் வழக்குகள் அரியன. காரணம் விளங்காததன்று. வக்கீல் தவறினார் என்று காட்டினால் போதாது. அவர் தவறாதிருந்தால் நாம் வென்றிருப்போம் என்றும் காட்ட வேண்டும். ஒரு வழக்கின் வயிற்றில் இன்னொரு வழக்கு! அதற்கும் மற்றொரு வக்கீல் வேண்டும்.

1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், தம் வக்கீல்மேல் நஷ்டஈடு கேட்ட கட்சிக்காரர் நடுவிலேயே இறந்துபோனார். வாரிசுகள் தொடரலாமா? சொத்துக்கு நேர்ந்த நஷ்டத்துக்கான கோரிக்கையானால் தொடரலாம். அவருடைய உடலுக்கோ மனத்துக்கோ நேர்ந்த ஊறுபாட்டுக்கானதானால் அவரோடு முடிந்தது என்றது நீதிமன்றம். 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி வக்கீலுக்குக் காப்பில்லை என்பதையும் கூறியது.

வக்கீல் வராமையால் இழந்த வழக்கையே மீட்க முடியுமானால் அதுவே முதல் மருந்து. 1981இல் நாட்டுப்புறத்து மனிதர் ஒருவரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. செலவுத்தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னது. இதை எல்லாருக்கும் பொது விதியாக எண்ணிவிடலாகாது. 1993இல் நகரத்து நிறுவனம் ஒன்று அதே சலுகையைக் கேட்டபோது, உமக்கு விவரம் தெரியாதா என்னும் பாங்கில் மறுத்துவிட்டது.

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி பார் கவுன்சிலில் முறையிடலாம். கண்டிப்பார்கள், தொழிலிலிருந்து சில காலம் நிறுத்துவார்கள், பெயரையே நீக்கவும் கூடும். ஆயினும் இழந்த பணம் அவ்வழியே கைக்கு வாராது. நுகர்வோர் மன்றம் எளிய வாயிலாகத் தோன்றியது. 2007இல் தேசிய ஆணையம் அதைத் திறந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. வக்கீலின் பணி தனித்தன்மை வாய்ந்தது, கட்சிக்காரரின் சொற்படி நடப்பது, ஆகவே நுகர்வோர் சட்டத்தில் அடங்காது என்பது தீர்ப்பு. மருத்துவர் 1995 முதலே அதில் அடங்கியிருக்க, வக்கீல் மட்டும் விலகி நிற்பது நமக்கு முழு நிறைவைத் தரவில்லை. எனினும், சாதாரண நீதிமன்றங்களில் வக்கீல்மேல் வழக்கிடும் உரிமை இருக்கிறது என்பதை அதே தீர்ப்பு ஐயமின்றி உரைத்தது.

ஆகவே மலையிறங்கி வந்த நம் மனிதருக்கு வழி உண்டு. வக்காலத்தின் நகல், கொடுத்த பணத்துக்கு ரசீது, வாய்தா நாட்களின் குறிப்பு, ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் ஆகியவை கையில் இருந்தால் அவர் நெடுமங்காட்டு உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறலாம்.