பெரிய எழுத்தும் பெயரின் மதிப்பும்

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் சிறுவர்க்கு ஆசிரியர் முதலில் உணர்த்தும் விதிகளுள் ஒன்று உண்டு. ஒன்றற்கே உரிய சிறப்புப்பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும். இனத்துக்கெல்லாம் உரிய பொதுப்பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும் என்பதே அது. 'இலண்டன்' சிறப்புப்பெயர், 'நகரம்' பொதுப்பெயர். இப்பாகுபாடு தமிழிலும் உண்டெனினும், பெரிது சிறிது என்னும் வேறுபாடு நம் எழுத்தில் இன்மையால் பொருள் நோக்கியே அதனை உணர்கிறோம். ஆங்கிலத்திலோ அது கண்ணுக்குப் புலனாகும் அடையாளம். அவ்வடையாளம் இலக்கணம் தந்தது மட்டுமன்று, வரலாறு தந்ததுமாகும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக ஆங்கில அச்சு நூல்களில் பொதுப்பெயர்களும் பெரிய எழுத்துப் பெற்று மிகுதியாக வந்தன. 1787இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பின் கையெழுத்துப் படியில் பெயர்ச்சொற்களுள் பெரும்பாலானவற்றுக்கு அம்மதிப்பு உண்டு. ஜெர்மன் மொழி இன்றும் அவ்வழக்கைப் போற்றுகிறது. ஆங்கில அச்சகத்தாரோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைப் படிப்படியாகக் கைவிட்டனர். அதன்பின் பெரிய எழுத்து சிறப்புப்பெயரின் தனியுரிமை போல் ஆயிற்று.

உரிமை என ஒன்று தோன்றிய இடத்தில் மறுப்பும் தோன்றுமன்றோ? அமெரிக்காவில் ஐரிஷ், இத்தாலியர் ஆகிய பெயர்கள் பெரிய எழுத்தில் நின்றன. ஆப்பிரிக்க வழியினரைச் சுட்டிய 'நீக்ரோ' என்னும் சொல்லோ, பொருட்பெயர் போலப் பல ஏடுகளில் சிறிய எழுத்தில் நின்றது. அறிஞர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1899இல் வெளியிட்ட 'பிலடெல்பியா நீக்ரோ' என்னும் ஆய்வு நூலின் அடிக்குறிப்பில், எண்பது இலட்சம் மக்கள் ஒரு பெரிய எழுத்துக்கு உரியவரே என வாதிட்டார். பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1930 மார்ச் 7 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அதனை ஏற்றது. இது வெறும் அச்சுமாற்றம் அன்று, ஓர் இனத்தின் தன்மதிப்பை ஏற்பது என்னும் கருத்துப்பட அதன் தலையங்கம் அமைந்தது.

பின்னர் அச்சொல்லே வழக்கொழிந்தது. 1960களின் பிற்பகுதியில் அதனிடத்தைப் பெற்ற 'கறுப்பர்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல், நிறப்பெயர் எனக் கருதப்பட்டு மீண்டும் சிறிய எழுத்துக்கே இறங்கியது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலரால் கொல்லப்பட்டார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்கிடையே, ஜூன் 19 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அச்சொல்லுக்குப் பெரிய எழுத்தை வழங்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வென்ற வழக்கை மறுமுறையும் வெல்ல வேண்டியிருந்தது!

எது சிறப்புப்பெயர், எது பொதுப்பெயர் என்பதை இலக்கண நூல் மட்டும் தீர்ப்பதில்லை என்பது இதனால் விளங்கும். தமக்கெனப் பொது வரலாறு உடைய மக்களாக ஒரு கூட்டத்தாரை ஏற்கும் மனமே அதனைத் தீர்க்கிறது. நம் மொழியில் பெரிய எழுத்து இல்லை. ஆயினும் 'வந்தான்' என்பதும் 'வந்தார்' என்பதும் உண்டு. யாருக்கு எவ்விகுதியை அளித்து வந்துள்ளோம் என்பது, சொல்லை ஆளும் கவிஞராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.