கோப்பு அனுமதிகள் (லினக்ஸ்)

கோப்பு அனுமதிகள் என்பவை லினக்ஸ் முதலிய யுனிக்ஸ் வழி இயங்குதளங்களில் ஒரு கோப்பையோ அடைவையோ யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் இயக்கலாம் என்பதை வரையறுக்கும் அமைப்பாகும். உரிய அனுமதி இல்லாத செயலை இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் மறுத்துவிடும். அப்போது முனையத்தில் "பெர்மிஷன் டினைட்", அதாவது அனுமதி மறுக்கப்பட்டது, என்னும் பிழைச்செய்தி தோன்றும். லினக்ஸைப் புதிதாகப் பயன்படுத்துவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

வரலாறு

யுனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியதால், ஒருவரின் கோப்பை மற்றவரிடமிருந்து காப்பது தேவையாயிற்று. அனுமதிகளை மாற்றும் "சிஎச்மோட்" கட்டளை 1971-இல் வெளியான முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இடம்பெற்றுள்ளது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இம்முறையையே பின்பற்றுகிறது.

அமைப்பு

ஒவ்வொரு கோப்பிற்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று வகையினருக்குத் தனித்தனியே அனுமதிகள் உண்டு. அனுமதிகளும் மூன்றாகும்:

- ஆர் – படித்தல் (மதிப்பு 4)
- டபிள்யூ – எழுதுதல் (மதிப்பு 2)
- எக்ஸ் – இயக்குதல் (மதிப்பு 1)

இம்மதிப்புகளின் கூட்டுத்தொகையே அனுமதி எண்ணின் ஒவ்வோர் இலக்கமும் ஆகும். எடுத்துக்காட்டாக, 644 என்பதில் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் (4+2), குழுவினரும் பிறரும் படிக்க மட்டும் (4) இயலும். 

கெர்னல் முதலில் உரிமையாளரா என்றும், அடுத்துக் குழு உறுப்பினரா என்றும் பார்க்கிறது. முதலில் பொருந்தும் வகையின் அனுமதி மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். ஆகவே, பிறருக்கு உள்ள அனுமதி உரிமையாளருக்கே இல்லாமல் போவதும் கூடும்.

அடைவுகளில் இவ்வெழுத்துகளின் பொருள் வேறு. ஓர் அடைவில் "ஆர்" உள்ளிருக்கும் பெயர்களைப் பட்டியலிடுவதற்கும், "எக்ஸ்" அவ்வடைவினுள் கடந்து செல்வதற்கும் உரியவை. "டபிள்யூ", "எக்ஸ்" இரண்டும் சேர்ந்திருந்தால் கோப்புகளை உருவாக்கவும் அழிக்கவும் இயலும். ஒரு கோப்பை அழிக்க அக்கோப்பில் எழுதும் அனுமதி தேவையில்லை. அதைத் தாங்கும் அடைவில் இருந்தாலே போதும்.

பிழையைக் கண்டறிதல்

யார் கேட்கிறார், எச்செயலைக் கேட்கிறார், வழியில் எந்த அடைவு தடுக்கிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் பெரும்பாலான பிழைகளின் காரணம் புலப்படும்.

ஒரு பள்ளிக் கணினியில் ஒரு மாணவர் "கொல்லிமலை" என்னும் அடைவில் "மழையளவு" என்னும் கோப்பை வைத்துள்ளதாகக் கொள்வோம். கோப்பின் அனுமதி 644. ஆயினும் மற்றொரு மாணவரால் அதைத் திறக்க இயலவில்லை. "ஐடி" கட்டளை இரண்டாம் மாணவரின் பயனர் பெயரையும் குழுக்களையும் காட்டும். "எல்எஸ் -எல்" கோப்பின் உரிமையாளரையும் அனுமதியையும் காட்டும். "நேம்ஐ -எல்" என்பதுடன் கோப்பின் முழுப்பாதையைக் கொடுத்தால், வழியிலுள்ள ஒவ்வோர் அடைவின் அனுமதியும் வரிசையாகத் தோன்றும். "கொல்லிமலை" அடைவின் அனுமதி 700 எனில் தடை அங்கேயே உள்ளது. கோப்பின் அனுமதியை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. அடைவின் அனுமதியை 755 ஆக்கினால் போதும். அதற்கு மேலுள்ள அடைவுகளிலும் கடந்து செல்லும் அனுமதி இருத்தல் வேண்டும்.

பொதுவான காரணங்களும் தீர்வுகளும்

- தாமே எழுதிய நிரல் இயங்க மறுத்தல்: இயக்கும் அனுமதி இல்லாமை. "சிஎச்மோட் யு+எக்ஸ்" மூலம் தீர்க்கலாம்.
- சொந்த அடைவிலுள்ள கோப்பைச் சேமிக்க இயலாமை: முன்பு "சூடோ" கொண்டு உருவாக்கியதால் அக்கோப்பு முதன்மைப் பயனராகிய "ரூட்"டின் உரிமையாகியிருக்கலாம். "சிஎச்ஓன்" மூலம் உரிமையை மாற்ற வேண்டும்.
- குழுவில் சேர்த்த பின்னும் மறுப்பு: வெளியேறி மீண்டும் நுழைந்த பின்னரே புதிய குழு நடைமுறைக்கு வரும்.
- யூ.எஸ்.பி. நினைவகத்தில் "சிஎச்மோட்" பயன்தராமை: ஃபேட் வகைக் கோப்பு முறைமை யுனிக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதில்லை. இணைக்கும்போதே அவை தீர்மானிக்கப்படுகின்றன.

777 எண்ணின் ஆபத்து

அனைவருக்கும் அனைத்து அனுமதியும் வழங்கும் 777 பிழைச்செய்தியை நீக்கினாலும் பாதுகாப்பையும் சேர்த்தே நீக்கிவிடும். இதனைக் கணினி முழுமைக்கும் அளித்தால், "சூடோ" நிரலுக்குரிய "செட்யுஐடி" என்னும் சிறப்பு அனுமதி அழிந்து, அந்நிரலே இயங்காமற் போகும். எஸ்எஸ்எச் நிரலும் பிறரால் படிக்கத்தக்க அந்தரங்கத் திறவுகோலை ஏற்க மறுக்கும். அதற்கு 600 பொருத்தமானது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியதாகும். இவ்வாறு இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில், விண்டோசை முழுமையாக நிறுத்தாமல் உறக்கநிலையில் விட்டு லினக்ஸில் நுழைந்தால், விண்டோசின் வன்தட்டுப் பகுதி படிக்க மட்டுமே திறக்கக்கூடும். அப்போது தோன்றும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்னும் செய்தி அனுமதிப் பிழை அன்று. விண்டோசை முழுமையாக நிறுத்துவதே தீர்வாகும். 2012 முதல் வெளிவரும் கட்டற்ற மென்பொருள் மின்னிதழான கணியம், லினக்ஸ் கட்டளைகளைத் தமிழில் கற்க உதவும் வெளியீடுகளுள் ஒன்றாகும்.