கஞ்சாக் களமும் ஒரு விசாரணையும்



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து வீதிகளில் விடியற்காலையில் நடந்திருப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கஞ்சியிட்ட பட்டுப் பாவினைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, இளவெயிலிலே உலர விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் அதனைச் சுருட்டிவிட வேண்டும். அதே வீதியில் சாயம் தோய்த்த பட்டுச் சிட்டங்களோ வெயில் படாமல், மூங்கிற் கழிகளில் நிழலிலே தொங்கும். பொருள் ஒன்றுதான், பட்டு. ஆயினும் ஒன்றுக்கு வெயில், மற்றொன்றுக்கு நிழல். ஏன் என்று நெசவாளர் ஒருவரைக் கேட்டால், "வெயிலில் சாயம் வெளுக்கும், நிழலில் கஞ்சி புளிக்கும்" என்று ஒரே மூச்சில் விடை கூறுவார். உலர்த்துதல் என்பது சும்மா காய விடுவதன்று. அஃது ஒரு கலை.

இக்கலை நம் நாட்டு அரசியல் வரலாற்றில் எதிர்பாராத ஓர் இடத்தில் நுழைந்திருக்கிறது. அதனையே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டேன். பொருள் கஞ்சா. தலைமையாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மாணவரிடையே பேசுவதற்கு இதுவா பொருள் என்று நீங்கள் வியக்கலாம். முழுவதும் கேட்டபின் உங்கள் வியப்பு நீங்கும் என நம்புகிறேன்.

முதலில் மருந்திலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆட்சிக் காலம் 1063 முதல் 1070 வரை. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்று அங்கே நடந்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்துப் பச்சிலையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்குரிய ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. பச்சிலையை எல்லாக் காலத்திலும் பறிக்க இயலாது. ஆகவே மருந்தைச் சேமிப்பது என்றாலே, அதனைக் கெடாமல் உலர்த்துவது என்றும் பொருள். மணமும் நிறமும் உள்ள இலையை நிழலிலும், வேரையும் பட்டையையும் வெயிலிலும் உலர்த்துவது நம் மருத்துவர் வழக்கம்.

அத்திருமுக்கூடலில் வந்து சேரும் செய்யாறு சவ்வாது மலையிலே பிறப்பது. ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில், சென்னை மாகாணத்தில் விற்பனைக்காகக் கஞ்சா பயிரான இடங்கள் மிகச் சில. ஒன்று, கிருஷ்ணா மாவட்டமாக அன்றிருந்த பகுதியில் பாபட்லாவைச் சார்ந்த சிற்றூர்கள். மற்றொன்று வட ஆர்க்காட்டுச் சவ்வாது மலை. அங்கே வாழும் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்ததோடு இதனையும் விளைவித்தனர். இவையல்லாமல், வீட்டுப் புழைக்கடையிலே இரண்டொரு செடி வளர்ப்பதும் நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாயிருந்தது.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் உழவர் நாருக்காகவும் தழையுரத்துக்காகவும் விதைக்கும் சணப்பு வேறு; கஞ்சா வேறு. கஞ்சாச் செடியின் இலையைப் பாங்கு என்பர். பெண் செடியின் பூங்கதிரே கஞ்சா. அக்கதிரில் ஊறும் பிசின் சரஸ். இம்மூன்றனுள் சரஸ் பெரும்பாலும் யார்க்கண்டிலிருந்து லடாக்கின் லே நகர் வழியாகப் பஞ்சாபுக்கு வந்தது.

கஞ்சா மிகுதியாக விளைந்த இடம் வங்காளம். ராஜ்சாஹி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்கள் கூடுமிடத்தில், நவ்காவ் என்னும் ஊரைச் சூழ்ந்த நிலப்பகுதிக்குக் 'கஞ்சா மகால்' என்றே பெயர். இன்று அது வங்காளதேசத்தில் உள்ளது. அங்கே உரிமம் பெற்றவர் மட்டுமே பயிரிடலாம். ஆண் செடி ஒன்று நின்றாலும் பெண் செடிகள் விதை பற்றிக் கதிர் கெடும் என்பதனால், ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தனர். அவர்களைப் 'போத்தார்' என்றழைப்பர்.

அறுவடையான செடிகள் எல்லாம் 'சாத்தர்' என்னும் களத்துக்கு வந்து சேரும். அக்களத்திலே உலர்த்தும் முறைகள் இரண்டு இருந்தன. ஒன்றில், பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் கிடந்த கதிர்களை வட்டமாகப் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். பிசினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கதிர்கள் தட்டையாகும். அது தட்டைக் கஞ்சா. மற்றொன்றில், மூங்கிற் கழியைக் கையால் பற்றிக்கொண்டு, கதிர்களைப் பாதத்தின்கீழ் உருட்டி உருட்டி நீள் உருண்டையாக்குவார்கள். அது உருண்டைக் கஞ்சா. இவ்விரண்டிலும் உதிர்ந்த தூளுக்குச் 'சூர்' என்று பெயர். நம் ஊரில் நெல் உதிரத் தாள் மிதித்ததைப் போல, அங்கே இலை உதிரவும் கதிர் இறுகவும் மிதித்தனர்.

அரசாங்கத்துக்கு இக்களத்தில் என்ன வேலை? வரிதான். பச்சைச் செடியை நிறுத்து வரி போட இயலாது. அதில் பாதிக்குமேல் நீர். நாள்தோறும் எடை குறையும். உலர்ந்து முடிந்த பொருளுக்கே எடை நிலைக்கும். அதிலும் தட்டையில் காம்பு மிகுதி, உருண்டையில் குறைவு, சூரிலோ காம்பே இல்லை. ஆகவே ஒரே சேர் எடைக்குத் தட்டைக்கு ஒரு வரி, உருண்டைக்கு அதனினும் மிகுதி, சூருக்கு எல்லாவற்றினும் மிகுதி. உலர்த்தும் முறையே வரியின் அளவுகோலாயிற்று! களத்தைச் சுற்றி வேலி, அரசுக் காவல், பின்னர் கிடங்கு, கிடங்கில் பதிவேடு. வீட்டுப் புழைக்கடையில் விளைந்து கூரையடியில் காய்ந்த கஞ்சாவை அரசாங்கம் ஏன் பொறுக்கவில்லை என்பதற்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. அது எந்தத் தராசிலும் ஏறாதது.

இனி விசாரணைக்கு வருவோம். 1893 மார்ச் 2ஆம் நாள், இலண்டன் மக்களவையில் வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெயின் என்னும் உறுப்பினர் கேள்வி ஒன்றை எழுப்பினார். வங்காளத்தில் கஞ்சாவினால் மக்களின் ஒழுக்கமும் உடலும் கெடுகின்றனவா என்று ஆராய ஒரு குழுவை அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மதுவிலக்குக்காக உழைத்தவர் அவர். அவ்வாண்டு ஜூலையில் இந்திய அரசாங்கம் குழுவை அமைத்தது. ஆராய்ச்சியை வங்காளத்தோடு நிறுத்தாமல் நாடு முழுவதற்கும் விரித்தது. தலைவர் மேக்வொர்த் யங். உறுப்பினருள் மூவர் இந்தியர்: ராஜா சசி சிகரேசுவர ராய், கன்வர் ஹர்நாம் சிங், லாலா நிகால் சந்த். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வார்டன் என்பாரும் அதில் இருந்தார்.

அக்குழு 1,193 சாட்சிகளின் கூற்றைப் பெற்றது. ஆட்சியாளர், ஆங்கில மருத்துவர், நாட்டு வைத்தியர், உழவர், வணிகர், சமயத் தொண்டர் எனப் பல நிலையினரும் அவர்களுள் இருந்தனர். 1894 ஆகஸ்டில் அறிக்கை நிறைவுற்றது. அது ஏழு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

அவ்வறிக்கையில் என்னை மிகவும் கவர்ந்தது மனநோய் மருத்துவமனைகளைப் பற்றிய பகுதி. கஞ்சா பைத்தியத்தை உண்டாக்கும் என்று எல்லாரும் கூறினர். சான்று கேட்டால் மருத்துவமனைப் பதிவேட்டைக் காட்டினர். 1892இல் சேர்க்கப்பட்டவர்களுள் 222 பேருக்கு நோயின் காரணம் கஞ்சா முதலியவை என்று அதில் எழுதியிருந்தது. குழுவினர் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் பற்றி ஊரிலும் உறவினரிடத்திலும் மீண்டும் விசாரிக்கச் செய்தனர். அப்போது ஓர் உண்மை வெளிப்பட்டது. நோயாளியைக் கொண்டுவரும் காவலர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலதிகாரி கேட்பார். ஆகவே காரணம் தெரியாதபோது 'கஞ்சா' என்று எழுதிவிடுவது பல இடங்களில் எளிய வழியாயிருந்தது! மறுவிசாரணைக்குப் பின் 222 என்பது 98 ஆகச் சுருங்கியது.

மாணவர்களே, இவ்வரிகளை நான் முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் தலைமைப் பொறுப்பேற்ற புதிதில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் காகிதப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பொட்டலத்தில் பச்சை நிறம் மாறாத உலர்ந்த இலைத்தூள். "கஞ்சா" என்றார் ஒருவர். "அப்படித்தான் தெரிகிறது" என்றார் மற்றொருவர். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்னும் கட்டத்தில் 'திருப்தியில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பள்ளியின் பெயரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து அவன் தந்தை வந்தார். இரைப்பு நோயால் வருந்தும் பாட்டிக்கென்று வைத்தியர் கொடுத்த ஆடாதோடை இலை அது. வெயில் படாமல் நிழலில் உலர்த்தியதனாலேயே பச்சை மாறாதிருந்தது. நான் அன்று மாலையே பிள்ளையார்பாளையத்துக்குச் சென்றேன். பையன் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டு எழுந்து நின்றான். "நாளையே பள்ளிக்கு வா, அப்பா" என்றேன். அவன் தந்தைதான் விடை சொன்னார்: "வேண்டாம், சார். தறி பழகிட்டான்." அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

அக்காவலர் நிரப்பிய கட்டத்துக்கும் நான் நிரப்பிய கட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாணவர் உளவியல் படித்தவன் நான். அவனை ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குழுவின் முடிவுகளைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மிதமாகக் கொள்வோர் பெரும்பாலோர்க்கு வெளிப்படையான தீங்கில்லை, மிதமிஞ்சியது உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும், முழுத்தடை வேண்டா, உரிமம், வரி, வரையறுத்த இடத்தில் மட்டும் பயிர் என்பன போதும் என்றது அக்குழு. இந்திய உறுப்பினருள் ராயும் நிகால் சந்தும் இசையாமல் தனிக்குறிப்பு எழுதினர். வரி வருவாயைப் பெற்ற அரசாங்கமே அமைத்த குழு அது என்பதனையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

அதன்பின் காலம் மாறியது. 1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை கஞ்சாவைக் கட்டுக்குள் கொணர்ந்தது. இந்தியா 1985இல் போதைப்பொருள் தடைச் சட்டத்தை இயற்றியது. அதன்படி உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தல் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய் வரை தண்டமும் பெறத்தக்க குற்றம். நவ்காவ் களங்களும் 1980களின் இறுதியில் ஓய்ந்தன.

அறிவியலும் முன்னேறியது. 1964இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான கவோனியும் மெக்கூலமும் கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். ஒளியும் காற்றும் காலமும் அதனை வேறு பொருளாகச் சிதைக்கின்றன என்பதும் பின்னர் விளங்கிற்று. நாட்பட்ட கஞ்சா வலுவிழக்கும் என்று களத்து மக்கள் கண்டறிந்ததற்கு அதுவே காரணம். வளரும் பருவத்தினர் இதனைப் பழகினால் நினைவாற்றலும் கவனமும் குன்றும். சிலருக்கு மனநோயும் நேரும் என்று இன்றைய மருத்துவ ஆய்வுகள் எச்சரிக்கின்றன. 1894இல் அக்குழுவுக்குக் கிட்டாத அறிவு இது. ஆகவே அவ்வறிக்கையைக் காட்டி, 'தீங்கில்லை' என்று உங்களிடம் எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியாயின் அவ்வறிக்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அதன் முடிவு அன்று, அதன் முறை. பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பாமல், எழுதியவன் எப்படி எழுதினான் என்று கேட்டார்களே, அம்முறை. வரலாறு படிப்போர்க்கு அதனினும் சிறந்த பாடம் இல்லை. நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் காவல்துறையில் சேர்வீர்கள், சிலர் மருத்துவராவீர்கள். உங்கள் முன்னும் ஒரு படிவம் வரும். அதில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும். காரணம் தெரியாதபோது 'தெரியாது' என்று எழுதுங்கள். எழுதுமுன், எதிரே நிற்பவன் ஏதோ சொல்ல வாயெடுத்தால், அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

அப்பையன் இன்று நாற்பது வயது கடந்தவன், நல்ல நெசவாளி. அவன் மகள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். இப்பேச்சை எழுதிமுடித்ததும் அவனிடம் படித்துக் காட்டி, ஒலிபரப்பலாமா என்று கேட்டேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டே, "சொல்லுங்க, சார்" என்றான்.