ஏமாற்றுபவனிலிருந்து ஏமாறுபவனுக்கு: மோலியேர் ஏற்ற வேடங்கள்

பிரெஞ்சு நகைச்சுவை நாடகத்தின் தலைமகனான மோலியேரைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவருடைய எழுத்திலிருந்தே தொடங்குகின்றன. தாம் எழுதிய நாடகங்களில் எந்த வேடத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார் என்று கேட்டுப் பார்த்தால், அவருடைய அங்கதம் வளர்ந்த பாதை இன்னும் தெளிவாகத் துலங்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அவர் எழுதிவிட்டு மேடைக்கு வந்தவர் அல்லர். மேடையில் நின்று, தம் கம்பெனியின் பிழைப்புக்காக எழுதத் தொடங்கியவர்.

1622 ஜனவரி 15 அன்று பாரிஸில் ஞானஸ்நானம் பெற்ற, பின்னாளில் மோலியேர் என்று பெயர் சூடிக்கொண்ட ழான் பத்தீஸ்த் போக்லானின் தந்தை, அரண்மனைக்குத் திரைச்சீலையும் மெத்தையும் அமைத்துத் தரும் பொறுப்பில் இருந்தவர். அந்தப் பரம்பரைப் பதவியை உதறிவிட்டு, 1643இல் நடிகை மத்லேன் பேஜாருடன் சேர்ந்து நாடகக் கம்பெனி தொடங்கினார் மகன். இரண்டே ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. மெழுகுவத்தி வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்காகச் சிறைக்கும் போனார். பிறகு சுமார் 13 ஆண்டுகள் தென் பிரான்சின் ஊர்களில் அலைச்சல். எந்த இடத்தில் சனம் சிரிக்கும், எந்த இடத்தில் கொட்டாவி விடும் என்பதை அவர் கற்றது அங்கேதான்.

1658 அக்டோபர் 24 அன்று பதினான்காம் லூயி மன்னர் முன்னால் நாடகாசிரியர் கோர்னேயின் சோக நாடகம் ஒன்றை நடித்தார்கள். சபை சூடு பிடிக்கவில்லை. அதைத் தொடர்ந்து போட்ட சிறு கேலி நாடகம்தான் கம்பெனிக்குப் பாரிஸில் இடம் வாங்கித் தந்தது. அக்காலத்தில் அவர் ஏற்ற பாத்திரம் மாஸ்கரில்: எசமானர்களை விரல்நுனியில் ஆட்டிவைக்கும் தந்திரக்கார வேலைக்காரன். 1659இல் பாரிஸைக் கலக்கிய ‘நாசூக்குக்காரிகள்’ நாடகத்திலும் பிரபு வேடமிட்டு வந்து பெண்களை ஏமாற்றுபவன் அவனே.

அடுத்த ஆண்டே ஒரு திருப்பம் நேர்கிறது. 1660 மே மாதம் அரங்கேறிய நாடகத்தில் அவர் ஸ்கனரேலாக வருகிறார். மனைவி துரோகம் செய்துவிட்டாள் என்று தானே கற்பனை செய்துகொண்டு புழுங்கும் நடுத்தர வர்க்கத்துக் கணவன் இவன். ஏமாற்றுபவன் போய் ஏமாறுபவன் வந்துவிட்டான். இந்த மாற்றத்தைத் தற்செயலாகக் கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. தந்திரக்காரனைப் பார்த்துச் சபை அவனோடு சேர்ந்து சிரிக்கும். ஏமாறுபவனிடம்தான் அது தன்னையே பார்க்க நேரும். 1662இன் ‘மனைவியர் பள்ளி’யில் ஒரு சிறுமியை அறியாமையிலேயே வளர்த்து மணக்கத் திட்டமிடும் அர்னோல்ஃபும் இதே வரிசையில் வருபவன்.

இந்த வளர்ச்சியின் உச்சம் ‘தார்த்யூஃப்’. போலிப் பக்திமான் ஒருவன் ஒரு குடும்பத்துக்குள் புகுந்து மகளையும் மனைவியையும் சொத்தையும் குறிவைக்கும் கதை. 1664 மே 12 அன்று வெர்சாயில் மூன்று அங்கங்களாக நடிக்கப்பட்டது. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே, பரிசுத்த நற்கருணைச் சங்கம் என்ற இரகசிய மத அமைப்பு அதை ஒடுக்குவது பற்றிப் பேசியதாக அச்சங்கத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. மன்னர் பொதுமேடையில் நடிக்கத் தடை விதித்தார். நாடகாசிரியரைத் தீயிலிட வேண்டும் என்று ஒரு பாதிரியார் எழுதினார். 1667 ஆகஸ்ட் 5 அன்று பாத்திரத்தின் பெயரை மாற்றி, ஐந்து அங்கங்களாக்கி மீண்டும் போட்டார் மோலியேர். மறுநாளே நீதிமன்றத் தலைவர் லமுவான்யோன் தடுத்துவிட்டார். அவரும் அந்தச் சங்கத்தவரே. மன்னரோ போர்முனையில் இருந்தார். நடிகர்கள் இருவர் மனுவோடு லீல் நகர முற்றுகைக்களம் வரை சென்று திரும்பினார்கள். இதற்குள் பாரிஸ் பேராயர், நாடகத்தைப் படித்தாலும் கேட்டாலும் சபை விலக்கு என்று அறிவித்துவிட்டார். திருச்சபையின் உட்பூசல்கள் தணிந்த 1669 பிப்ரவரி 5 அன்றுதான் அனுமதி கிடைத்தது. வசூல் பெருகியது.

இத்தனை போராட்டத்துக்குக் காரணமான அந்தப் போலியின் வேடத்தை மோலியேர் ஏற்கவில்லை. அதைச் சக நடிகர் த்யூ குரோவாசியிடம் கொடுத்துவிட்டு, அவனை நம்பிச் சீரழியும் குடும்பத் தலைவன் ஒர்கோனாக நடித்தார். அவர் இறந்த பின் எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில் ஒர்கோனின் கறுப்பு உடை தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. தார்த்யூஃப் மேடைக்கு வருவது மூன்றாம் அங்கத்தில்தான். அதுவரை இரண்டு அங்கங்கள் முழுவதும் நாம் பார்ப்பது ஒர்கோனின் கண்மூடித்தனத்தை. நான்காம் அங்கத்தில் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டு, தன் மனைவியிடம் அந்தப் பக்திமான் நடந்துகொள்ளும் விதத்தைக் கேட்கிறான். அந்த மனைவியாக நடித்தவர் மோலியேரின் சொந்த மனைவி அர்மாந்த். போலிகளைத் தாக்கும் நாடகம் என்று எதிரிகள் கூச்சலிட்டார்கள். போலியை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைக்கும் நம்பிக்கையைத் தாக்கும் நாடகம் என்பதே பொருத்தமான வாசிப்பு என்பேன்.

1671இல் ஸ்காப்பேனாகத் தந்திரக்கார வேலைக்காரன் மீண்டும் ஒருமுறை எட்டிப்பார்க்கிறான். அதைத் தவிர்த்தால், கருமி அர்ப்பகோன், பிரபுவாகத் துடிக்கும் ழூர்தேன், நோய் பீடித்ததாக நம்பும் அர்கான் எல்லாரும் தம் மோகத்தால் தாமே ஏமாறுபவர்கள். இந்த வேடங்களுக்குத் தம் உடலையே கச்சாப்பொருளாக்கினார் மோலியேர். தமக்கிருந்த இருமலை 1668இல் அர்ப்பகோனின் வசனத்திலேயே சேர்த்துக்கொண்டார். 1673 பிப்ரவரி 17 அன்று ‘கற்பனை நோயாளி’ நான்காம் முறையாக மேடையேறியபோது, அர்கானாக நடித்துக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமாகி, அன்றிரவே வீட்டில் உயிர் நீத்தார்.

நடிப்புத் தொழிலைத் துறப்பதாக எழுதிக் கொடுக்காமல் இறந்தார் என்பதால் பங்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. அர்மாந்த் மன்னரிடமும் பேராயரிடமும் மன்றாடினார். சடங்கு ஆரவாரம் இல்லாமல் இரவில் புதைக்க மட்டும் இசைவு கிடைத்தது. மேடையேறாமல் எழுத மட்டும் செய்த கோர்னேக்கு இந்தத் தடை கிடையாது. அவர் தம் ஊர்க் கோயிலின் நிர்வாகப் பொறுப்பிலேயே இருந்தவர். பிரெஞ்சு அகாதெமியும் கோர்னேயைச் சேர்த்துக்கொண்டது, மோலியேரைச் சேர்க்கவில்லை. அவர் காலத்து நிறுவனங்கள் அவரைக் கடைசிவரை நடிகராகவே கணக்கில் வைத்திருந்தன.