சம்பூர் வரலாறு உணர்த்தும் பாடம்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த ஊர் சம்பூர். வயலும் கடலும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற இவ்வூரில் உழவும் மந்தை வளர்ப்பும் மீன்பிடியும் மக்களுக்கு வாழ்வளித்தன. பத்திரகாளி அம்பாள் ஆலயமும் மகா வித்தியாலயமும் ஊர்வாழ்வின் இரு கண்களாய் விளங்கின. இவ்வூரார் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வீடற்றோராய் வாழ நேர்ந்த வரலாறு, வீடு, பாதுகாப்பு, நீதி, கல்வி ஆகிய நான்கும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதைத் தெளிவுறுத்துவதாகும்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடைபெற்றது. அன்றே, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பகுதி மீது வான்தாக்குதல் தொடங்கிற்று. செப்டம்பர் 4ஆம் நாள் அரச படையினர் சம்பூரைக் கைப்பற்றினர். தெற்கே வாகரைக்குச் சென்ற மக்கள், போர் அங்கும் தொடரவே மட்டக்களப்புக்கு இடம்பெயர்ந்தனர். பின்னர் மூதூர்ப் பகுதிக்குத் திரும்பியோர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களிலே தங்கவைக்கப்பட்டனர். உழுது உண்டவர், சொந்த வயல் அண்மையில் இருந்தும், நிவாரண அரிசிக்குக் காத்திருக்கலாயினர்.

அவர்கள் ஊர் திரும்பாதிருந்தமைக்குக் காரணம் போர் மட்டுமன்று. 2007 மே 30ஆம் நாள் வெளியான அதிவிசேட வர்த்தமானி மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பகுதியை உயர் பாதுகாப்பு வலயமாக்கிற்று. இதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தாக்கலான அடிப்படை உரிமை மனு வெற்றிபெறவில்லை. 500 மெகாவாற்று அனல்மின் நிலையத்துக்கான இந்திய, இலங்கை உடன்பாடு 2006 டிசம்பரிலேயே கைச்சாத்தாகியிருந்தது. 2009இல் போர் முடிந்த பின்னரும், 2012இல் 818 ஏக்கர் காணி கைத்தொழில் வலயத்திற்கென ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பின் பெயரால் எடுக்கப்பட்ட நிலம் ஆலைக்குரியதாயிற்று. ஊராரின் பாதுகாப்போ அயலாரும் கோயிலும் கிணறும் பள்ளியும் சூழ வாழ்வதிலேயே இருந்தது. அதனை முகாமின் தகரக் கூரை தர இயலுமோ?

இடம்பெயர்ந்தோர் தம் உடைமையை மீளப்பெற உதவுவது அதிகாரிகளின் கடமை என 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டுக் கோட்பாடுகள் கூறுகின்றன. சம்பூரில் அக்கடமை நிறைவேறத் தொடங்கியது 2015இலேயே. அவ்வாண்டு சனாதிபதி மைத்திரிபால சிறிசேன கைத்தொழில் வலயத்திற்கான ஒதுக்கீட்டை இரத்துச் செய்தார். வழக்குத் தடை நீங்கியபின், ஆகஸ்ட் 22ஆம் நாள் காணிகள் கையளிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த நிலமும் அதனுள் அகப்பட்டிருந்த மகா வித்தியாலயமும் விடுவிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், அனல்மின் நிலையம் சம்பூரில் அமையாது என அரசு நீதிமன்றத்தில் அறிவித்தது.

2006இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை 2016இல் பதினோராம் வகுப்பை அடைந்திருக்கும். அப்பிள்ளையின் பள்ளிப் பருவம் முழுவதும் ஊருக்குப் புறத்தே கழிந்தது. காணியை வர்த்தமானியால் மீட்கலாம். கழிந்த பருவத்தை மீட்பது ஆசிரியர் கையிலேயே உள்ளது.

இங்குப் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயரேயை நினைத்தல் தகும். 1964இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சியால் நாடிழந்து, பல்லாண்டு அயல்நாட்டில் வாழ்ந்தவர் அவர். தொழிலாளர்க்கு எழுத்தறிவிக்க அவர் கையாண்ட சொற்களுள் ஒன்று ‘செங்கல்’. அதனை எழுதக் கற்றோர், வீடு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் ஆராயக் கற்றனர். சம்பூர்ப் பள்ளியிலும் இம்முறை பொருந்தும். மூத்தோர் நினைவைக் கேட்டு, பழைய ஒழுங்கையும் கிணறும் எல்லைப் பனையும் காட்டும் படம் வரைதல் புவியியலாகும். காணி உறுதியிலுள்ள ஏக்கரையும் பேர்ச்சையும் கணித்தல் கணிதமாகும். பாட்டியார் கூறும் முகாம் வாழ்வை எழுதுதல் மொழிப்பயிற்சியும் வரலாறுமாகும். உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்த குடும்பத்துக்கு அத்தகைய படம் ஒருநாள் துணைச்சான்றாகவும் உதவக்கூடும்.

வீடு திரும்பியதோடு இடப்பெயர்வின் வரலாறு முடிந்துவிடுவதன்று. தன் நிலம் எவ்வாறு போயிற்று, எவ்வாறு மீண்டது என்பதை அறிந்த தலைமுறையே அதனைக் காக்கவல்லது. அவ்வறிவை அளிக்கும் கடமை சம்பூர்ப் பள்ளிக்கு உண்டு. நாட்டின் ஏனைய பள்ளிகளுக்கும் உண்டு.